ஒளிக்கச் சிறகில்லாத வண்டு

ஏப்ரல் 18, வியாழன்

இன்று என் பல் மருத்துவமனைக்கு விடுமுறை. காலை முதல் நுண்ணோக்கியே கதி. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி வண்டு. ஐந்து மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம். முதுகில் அரைச்சட்டை போட்டதுபோல் குட்டையான மூடி. இந்தக் குடும்பத்து வண்டுகளை எங்கள் ஊரில் சிறகொளிப்பான் என்பார்கள். மூடியை ஊசியால் நிமிர்த்திப் பார்த்தேன். அடியில் சிறகே இல்லை! எதைத்தான் ஒளிக்கிறாய் நீ?

பிறகு ஆணின் உறுப்பைப் பிரித்தெடுத்தேன். எந்த இனம் என்று சொல்வது அதுதான். நுனி இடப்பக்கம் கொக்கிபோல் வளைந்திருக்கிறது. கையில் இருக்கிற படங்களை எல்லாம் புரட்டியாயிற்று. எதிலும் இப்படி இல்லை. புதிது.

குசுனோசே அண்ணனுக்குப் போன் செய்தேன். போன அக்டோபரில் தோரிகோஷி மலையில் சல்லடைப் பையில் சருகு சலித்து இந்த ஜோடியை எடுத்தவர் அவர்தான். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பேசினார்.

“நல்லாப் பாத்தீங்களா டாக்டரம்மா? சொத்தைன்னு சொல்லி நல்ல பல்லைப் புடுங்கிடாதீங்க.”

இருபத்திரண்டு வருடமாக வண்டு பார்க்கிறேன். ஒன்றுக்கும் நான் பெயர் வைத்ததில்லை. இதுதான் முதல்.

மே 3

கண்டெடுத்தவர் பெயரை வைப்பது வழக்கம். அண்ணனைக் கேட்டேன். “ஐயையோ, வேண்டாம். டிப்போல காலத்துக்கும் என்னை வண்டுன்னுதான் கூப்பிடுவானுங்க.” சரி, தோரிகோஷி என்று மலையின் பெயரையே வைத்துவிட்டேன்.

மே 23, வியாழன்

தோரிகோஷி. நான்கு மணி நேரம் இருவரும் சலித்தோம். ஒன்றுகூட இல்லை. அட்டைகளுக்குத்தான் விருந்து.

ஜூலை 11

வண்டைப் பற்றிய என் கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள்! பிழை பார்ப்பதற்கான அச்சுப்படி அடுத்த மாதம் வரும். ஆனால் மதிப்பிட்டவர் ஒரு வரி எழுதியிருக்கிறார்: இதன் நெருங்கிய உறவினம் ஒன்று அதே மலையில் ஏற்கெனவே இருக்கிறதே, பறக்காதவை மலைக்கு ஒன்றாகத்தானே இருக்கும்?

நியாயமான கேள்வி. மீன் முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஐந்தாவது முறையும் தோரிகோஷியில் ஒன்றுமில்லை. திரும்பி வந்து அண்ணன் வீட்டு வாசலில் பைகளைக் காயப்போட்டோம். அவருடைய சல்லடைப் பையின் தையல் மடிப்பிலிருந்து ஏதோ என் விரலில் குத்தியது. எடுத்துப் பார்த்தால், புனா மரத்துக் காயின் முள் தோடு.

தோரிகோஷியில் புனா மரமே கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஷிராசாகோ மலையில்தான் இருக்கிறது. தோடு ஒளிந்திருந்த இடத்தில் வண்டு ஒளிந்திருக்காதா? ஒரு மலையை விட்டு இறங்கினால் பையைப் புரட்டி உதறாமல் அடுத்த மலை ஏறக் கூடாது. இது எங்களில் கற்றுக்குட்டிக்கும் தெரியும்.

“உதறினீங்களா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்க!” அவர் மனைவி எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்திவிட்டேன்.

“உதறினேன்னுதான் நினைக்கிறேன்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆகஸ்ட் 9

போன வருட நாட்குறிப்பைப் புரட்டினேன். அக்டோபர் 12: ‘ஷிராசாகோ. தனியாகப் போனேன். கொட்டும் மழை. பையைச் சுருட்டிக் காரில் போட்டுவிட்டு ஓடி வந்தேன். குசுனோசே அண்ணனின் பை கிழிந்துவிட்டதாம். நாளை தோரிகோஷி போகிறார். இதையே அவருக்குக் கொடுத்துவிடலாம், நான் புதிது வாங்கிக்கொள்கிறேன்.’

என் பை. உதறாதது நான். அடிப் பாவி, அவரைப் போய் அப்படிக் கத்தினியே!

ஆகஸ்ட் 10

டிப்போவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சோற்றுருண்டையை மென்றுகொண்டே கேட்டார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

“அச்சாகட்டும் விடுங்க டாக்டரம்மா. யாருக்குத் தெரியப்போகுது?”

“நமக்குத் தெரியுமேண்ணே.”

“வண்டுக்குத் தெரியாதுல்ல?”

சிரித்துவிட்டேன். ஆனால் அச்சேறிய பெயர் தப்பாக இருந்தாலும் மாற்ற முடியாது, அது விதி. எனக்குப் பிறகு வருகிறவர்கள் தோரிகோஷியில் இல்லாததைத் தேடி முட்டி தேய்வார்கள். திரும்பப் பெற்றுக்கொண்டால்? ஷிராசாகோவிலும் கிடைக்காவிட்டால்? ஊரும் இல்லை, பெயரும் இல்லை. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20

அச்சுப்படி வந்தது. என் பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பிவிட்டேன். 

அக்டோபர் 10, வியாழன்

ஷிராசாகோ. ஏறுவதற்கு முன் சாலையோரம் நின்று இரண்டு பைகளையும் உதறினோம். அண்ணன் சத்தமாக எண்ணினார், இருபதுவரை. கடந்துபோன லாரிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மூன்றாவது சலிப்பில், வெள்ளைத் துணியின் மேல், வாலைத் தூக்கிக்கொண்டு ஒன்று ஓடியது. “டாக்டரம்மா!” என்ற அண்ணனின் குரல் கீச்சென்று வந்தது. மாலைக்குள் ஒன்பது.

அக்டோபர் 11

நான்கு ஆண். நான்கிலும் நுனி இடப்பக்கம் வளைந்திருக்கிறது. அழுதேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 2

கட்டுரையைப் புதிதாக எழுதி முடித்தேன். ஷிராசாகோவின் பெயர். ஆசிரியர்கள் இருவர்: குசுனோசே, நான்.

முதல் ஜோடியும் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. வண்டின் குண்டூசியில் ஏற்கெனவே குத்தியிருக்கும், கிடைத்த மலையைச் சொல்லும் சீட்டை, தப்பென்றாலும் யாரும் கழற்றுவதில்லை. அதனடியில் இன்னொன்று குத்துவார்கள். நகத்தளவு காகிதம் வெட்டி, மெல்லிய பேனாவால் எழுதினேன்: ‘மேலுள்ள மலையின் பெயர் தவறு. முந்தைய நாள் ஷிராசாகோவில் பயன்படுத்திய பையில் வந்தவை. பையை உதறாதவர்’ — அதன் பக்கத்தில் என் முழுப் பெயர்.

நான் எழுதியவற்றிலேயே நூறு வருடம் நிற்கப்போவது அநேகமாக இதுதான். மை காய்ந்ததும் தோரிகோஷி சீட்டுக்குக் கீழே குத்திவைத்தேன்.