தரைக்கடியில் இருந்த பானை

தபூக் பக்கம், சவூதி, நவம்பர் 2008

அன்புள்ள ஜோதிமணிக்கு,

நான் சுகம். உன் உடம்பு தேறிவிட்டதா? அத்தை இன்னும் உன்கூட இருக்கிறார்களா?

ரோமாபுரி ராஜா ஆண்ட காலத்துக் கிராமம் ஒன்றைத் தோண்டுகிற சைட்டில் என்னைப் போட்டிருக்கிறார்கள். பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளுகிற லேசான வேலைதான், கவலைப்படாதே.

போன வாரம் ஒரு வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில், தரைக்கடியில் ஒரு பானை தெரிந்தது. உள்ளே கைக்குழந்தையின் எலும்பு. சர்வேயர் விஜயபாஸ்கர் சார், "வெளியில புதைக்க மனசு வரல போலிருக்கு, நாகலிங்கம்" என்றார். நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார்கள். "கண்ணுல மண்ணு விழுந்துடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

நம் மகள் பதினெட்டு நாள் இருந்தாள். விசா கொடுத்த முதலாளி, அந்தக் கபீல், லீவு தரவில்லை. போனில் நீ அழுதாய். அவள் முகத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னும் பதினான்கு மாதம் என்னை விடமாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் யாராவது அவளை ஒரு போட்டோ எடுத்தார்களா? மங்கலாக இருந்தாலும் அனுப்பு. இல்லையென்றால் யார் ஜாடை என்று எழுது. அவளை எங்கே புதைத்தீர்கள் என்றும் எழுது.

ஊருக்குப் போகிற சதீஷ்குமார் கவரைக் கேட்டு நிற்கிறான். அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டாய்?

உன்
நாகலிங்கம்