ரிப்போர்ட்டில் வராத வெல்டிங்

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஒர்க்‌ஷாப் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மாற்ற வேண்டும். போன ஜூனிலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

வேலை: பால் வண்டி, கிளட்ச். டீச்சர் ஸ்கூட்டர், பிளக். எஸ்டேட் ஜீப், ஹாரன். அடிக்கவில்லை என்று வந்தது, இப்போது நிறுத்த முடியவில்லை.

மதியம் செல்வத்தின் போன். மனைவியின் தம்பி. வெள்ளைக் காரை விற்கிறானாம். வாங்குகிறவர்கள் புதன்கிழமை ஊட்டி காந்தலில் என் கடைக்கே கொண்டு வருவார்களாம். "மாமா, மெக்கானிக் பாத்துச் சொன்னாத்தான் நம்புவாங்களாம். ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லிருங்க."

அந்தக் கார். இரண்டு வருடம் முன்பு, மே மாதம், கல்லட்டி வளைவில் சுவரில் முட்டிய அதே கார்.

பழைய டைரியைத் தேடவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று தெரியும்.

ஜூன் 11, புதன்

மழை. பதினோரு மணிக்குச் செல்வத்தோடு வந்தார்கள். விமலா, தேவாலாக்காரர், கூடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட அவர் தம்பி சுதாகர், முப்பது வயது இருக்கும். அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ஊட்டியில் டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். திரும்பும்போது அந்த அம்மாவால் நிற்கக்கூட முடிவதில்லையாம். அதற்குத்தான் கார்.

விமலா போனைக் காட்டினார். "நம்பரைப் போட்டா வண்டியோட கதையே வந்துருதுங்க. ஆக்சிடென்ட் இல்ல. இன்சூரன்ஸ் கிளெய்ம் இல்ல. அஞ்சு சர்வீஸ், எல்லாம் கோயமுத்தூர்ல." லேப் ரிசல்ட் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. செல்வம் கிளெய்ம் போடவில்லை. சொந்த உபயோக வண்டியில் டூரிஸ்ட் ஏற்றிப் போனான், கிளெய்ம் போட்டால் மாட்டுவான். சீசனில் மலையில் பாதிப் பேர் செய்வதுதான். முட்டினால் நேரே எங்களைப் போன்ற தகரக் கொட்டகைக்கு வருவார்கள். பில் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. வண்டி குளித்துவிட்டு வந்த மாதிரி சுத்தமாக வெளியே போகும்.

அடியில் படுத்துப் பார்த்தேன். புதுசாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருக்கிறான். இடது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம். நகத்தால் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் தட்டுப்பட்டது. என் வெல்டிங். என் கை எனக்குத் தெரியாதா.

வளைந்த ஆர்மைத் தூக்கிப் போட வேண்டும். சூடு காட்டி நிமிர்த்தக் கூடாது. ஓடிப்பிடித்து விளையாடும் வயதில் கற்றுக்கொண்டது. செல்வம் முட்டிவிட்டு வந்தது மலர்க் கண்காட்சி நேரம். பார்ட்ஸ் கோயமுத்தூரிலிருந்து வர இரண்டு நாள். செல்வம் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு ட்ரிப் இருக்கு மாமா" என்றான். செய்தேன். சீசன் முடிந்ததும் வா, மாற்றிவிடலாம் என்றேன். வரவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே வந்தேன். செல்வம் எனக்கு டீ வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"எப்படிங்க இருக்குது?" விமலா.

"முன்பக்கத்தை ஒருக்கா நல்ல எடத்துல காட்டிக்கோங்க."

"ஏனுங்க, எதாச்சும் இருக்குதுங்களா?"

"பழைய வண்டி. பொதுவாச் சொன்னேன்."

"ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க" என்றேன்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஜூன் 12, வியாழன்

மழை விடவில்லை. மத்தி வாங்கினேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள், "ரெண்டு வருசமா ஓடலியா? இனிமே ஓடாதா? ஆவணியில அவனுக்குக் கல்யாணம். நம்ம ஊட்டு விசயத்த ஊரெல்லாம் சொல்லோணுமா?"

நேற்று நான் எனக்கே சொல்லிக்கொண்டதும் இதுதான். அவள் வாயில் கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

ஜீப் ஹாரன் மறுபடியும்.

மனசு கேட்காமல் சுதாகருக்குப் போன் போட்டேன். சொல்லிவிடுவது என்றுதான் போட்டேன். "அண்ணா, வண்டி சூப்பரா போகுதுண்ணா. அம்மா பின்னாடி படுத்துத் தூங்கிட்டே வருது. இத்தனை மாசத்துல இன்னைக்குத்தான் வாந்தி எடுக்கல."

"சரி தம்பி. மெதுவாப் போங்க" என்று வைத்துவிட்டேன்.

கோழை. வேறு வார்த்தை இல்லை.

ஜூன் 28, சனி

காலை ஏழு மணி. செல்வத்தின் போன். நேற்று சாயங்காலம், நடுவட்டம் தாண்டி இறக்கத்தில். கார் ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. அந்த அம்மா அங்கேயே போய்விட்டார். சுதாகருக்குக் கை உடைந்திருக்கிறது. கேஸ் சுதாகர் மேல். ஈர ரோடு, அதிவேகம்.

"டிரைவர் தப்புன்னு எழுதிட்டாங்க மாமா. அப்படியே இருக்கட்டும்."

கடை திறக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

போலீஸ் வண்டியைப் போட்டிருக்கும் இடத்துக்குப் போனேன். மழையில் நனைந்து நிற்கிறது. இடது சக்கரம் உள்ளே மடங்கியிருக்கிறது. குனிந்து பார்த்தேன். ஆர்ம் இரண்டாக முறிந்திருக்கிறது, சரியாக வெல்டிங் ஓரத்தில். முறிந்த வாயில் பாதி பழைய துரு, பாதி புதுப் பளபளப்பு. எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது. நான் நகத்தால் தடவிய அன்றும் இருந்திருக்கும்.

காவலுக்கு நின்றவர் கேட்டார். "என்னங்க அத்தனை நேரம் பாக்கறீங்க?"

"நம்ம கடைக்கு வந்த வண்டிங்க."

"வண்டி மேல ஒண்ணும் இல்லீங்க. ரிப்போர்ட் சுத்தமா இருக்குது. ஓட்டுனவன்தான் வேகத்த முறுக்கிட்டான்."

ஜூலை 2, புதன்

சுதாகர் போன். "அண்ணா, நான் ஸ்டீரிங்க திருப்புனேன். அது திரும்பலண்ணா. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அடக்கம் முடிஞ்சதுலேர்ந்து அக்கா எங்கிட்டப் பேசறதில்ல. நீங்கதான் அடியில படுத்துப் பாத்தீங்க. வண்டி நல்லாத்தானே இருந்துச்சு? நான்தான் அம்மாவைக் கொன்னேனா?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்தேன். நான்கு கோடும் இருந்தது.

பழைய டைரி கட்டிலுக்கடியில் இருந்தது. அந்த மே மாதப் பக்கம், என் கையெழுத்து: "செல்வம் கார். இடது லோயர் ஆர்ம் வளைவு, விரிசல். சூடு காட்டி நிமிர்த்தி வெல்டிங். மாற்ற வேண்டும். இப்போதைக்கு ஓடும்." அதற்குக் கீழே: உப்பு, தீப்பெட்டி.

அந்த வண்டிக்கு உண்மையான ரிப்போர்ட் உலகத்தில் இது ஒன்றுதான். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "கிழிச்சு அடுப்புல போடுங்க." கிழிக்கும் இடம்வரை விரல் போனது. பிறகு மூடி வைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன்.

காலையில் கிளம்பும்போது மனைவி முகம் கொடுக்கவில்லை. கூடலூரில் பஸ் மாறி தேவாலா. இறங்கியதும் தொப்பலாக நனைந்தேன். டைரி மட்டும் பிளாஸ்டிக் பையில்.

சுதாகர் கட்டுப்போட்ட கையோடு வாசலில் இருந்தான். விமலா உள்ளே, தரையில். சுவரில் அந்த அம்மாவின் படம். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வளைவு, வெல்டிங், செல்வம், நகத்தால் தடவியது, "இல்லீங்க" என்றது. ஸ்டேஷனிலும் இதையே சொல்கிறேன் என்றேன்.

சுதாகர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். "திருப்புனேன்னு சொன்னேன்ல அக்கா, திருப்புனேன்னு சொன்னேன்ல." விமலா எழுந்து போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். ரொம்ப நேரம்.

பிறகு டைரியை வாங்கினார். அன்று போனைப் படித்த மாதிரியே, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக. உப்பு, தீப்பெட்டி வரைக்கும். திரும்ப மேலே வந்தார்.

"இப்போதைக்கு ஓடும்னு எழுதியிருக்கீங்களே" என்றார். "இப்போதைக்குன்னா எத்தனை நாளுங்க?"