பலகையில் ஐந்து போத்தல்கள்

2603, வைகாசி, செவ்வாய். நமக்கு 1943; ஆனால் ஜப்பான்காரன் ஆண்டைத்தான் போட வேண்டுமாம். போட்டுவிட்டேன்.

கூலிம் திடலில் மழைமரத்தடித் தண்ணீர்ப் பானை என் பொறுப்பு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வருகிறவர்கள் காலிப் போத்தலைப் பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் நிரப்பித் தக்கை அடித்து வைப்பேன். திரும்பும்போது எடுத்துக்கொள்வார்கள்.

ஐந்து போத்தல்களை எடுக்க ஆள் வரவில்லை. அந்த ஐவரையும் திடலிலேயே லோரியில் ஏற்றி, சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களில் என் தம்பியும் ஒருவன். போத்தல்களை நான் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தால் ஆள் இல்லை என்றாகிவிடும். வாராவாரம் தண்ணீர் மாற்றி வைக்கிறேன்.

இன்று காலை, அந்த ஐவரில் ஒருவனான முனியாண்டியின் போத்தலைத் தூக்கினேன். காலி. தக்கை இறுக்கமாக இருந்தது, பலகையில் ஈரமே இல்லை.

"யாராச்சும் குடிச்சிருப்பாங்க லா" என்கிறாள் என் மனைவி. குடித்தவன் மறுபடி தக்கை அடித்து வைப்பானா?

முனியாண்டியின் மனைவி லெட்சுமி வந்ததும் சொன்னேன். அவள் அழவில்லை.

"ராத்திரி கனவுல வந்து தண்ணி கேட்டாரு அண்ணே. ஊத்தி வைங்க, இன்னும் தாகம் அடங்கியிருக்காது."

அவள் முன்னாலேயே நிரப்பினேன். நெற்றிப் பொட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

மாலையில் பலகையைத் துடைத்தேன். ஒவ்வொரு போத்தலாகத் தூக்கித் துடைத்தவன், தம்பியுடையதை மட்டும் தூக்காமல் சுற்றித் துடைத்தேன். அது கறுப்புக் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூக்கினால் தெரிந்துவிடும்.