வரப்பில் விழாதவள்

அக்கா,

இன்று காலை கம்பெனி கேன்டீன் தரையைத் துடைத்துவிட்டு மஞ்சள் போர்டை எடுத்து வைத்தேன். ஈரமான இடத்தில் விரித்து நிறுத்துவோமே, ஒருவன் காலைத் தூக்கிக்கொண்டு வழுக்கி விழுகிற படம் போட்டது, அதுதான். போன வாரம் அதன் கீல் ஒரு பக்கம் உடைந்துவிட்டது. நூல் கட்டி நிற்க வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் நீ சொல்வாய்: "இவன் இன்னாமே, எப்பப் பாரு வுழுந்துக்கினே கீறான்? சோறு துன்றானா இல்லியா?" இன்றைக்கு அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்தான். அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாத உனக்கு மடல் எழுத உட்கார்ந்ததும் அந்தக் கோபத்தில்தான்.

கும்மிடிப்பூண்டியில் இத்தனை கம்பெனிகள் வருவதற்கு முன் நாம் புதுவாயல் பக்கத்து வயல்களில் நாற்றுக்கட்டு சுமந்தவர்கள். மழையில் ஊறிய வரப்பில் கட்டைவிரலை ஊன்றி ஊன்றி நீ போகிற வேகத்துக்கு என்னால் வர முடியாது. நான் எத்தனையோ முறை சேற்றில் புரண்டிருக்கிறேன். கைகொடுக்க மாட்டாய், நின்று சிரிப்பாய். வயல் வேலை போய், கம்பெனியில் இருவரும் தரை துடைக்கச் சேர்ந்த பிறகும் உன் வாய் மாறவில்லை. "வரப்புல வுழாதவ தரையிலயா வுழப்போறேன்?"

பிறகு உன் மகன் வீடு கட்டினான். குனிந்து பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு டைல்ஸ். "எங்கம்மா இனிமே குந்திக்கினு துன்னட்டும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு உன்னை வேலையிலிருந்து நிறுத்தினான். நல்ல பிள்ளைதான். நீயும் டிவி முன்னால் உட்கார்ந்தாய். உட்கார்ந்தே இருக்கிற காலில் என்ன வலு இருக்கும்? ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரும்போதெல்லாம் உன் கெண்டைக்கால் சதை கரைந்துகொண்டே போனது. சர்க்கரையில் பாதம் மரத்துப்போய், ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று கிடக்க, அது தெரியாமல் தெருமுனை வரை போய் வந்தாய். பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது என்பாய். அது போதாதென்று மெடிக்கலில் சொந்தமாகக் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை வேறு. புடவையை முழங்காலுக்கு மேல் செருகி நடந்தவளுக்கு மருமகள் தன் நைட்டியை மாட்டிவிட்டாள். அது உனக்கு ஒரு சாண் நீளம். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். எவன் எவனோ நடக்கிற இடத்துக்கெல்லாம் போர்டு வைத்தவள் நீ, உன் காலடியில் ஒரு பழந்துணி போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு நான் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. நீ அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தாய். சுற்றிலும் வெங்காயம் சிதறிக் கிடந்தது.

"வுழுந்துட்டியா?"

"இல்லமே. சும்மா குந்திக்கினு கீறேன்."

"கை இன்னா இப்டி வீங்கிக் கீது?"

"கட்டில் கால்ல இட்ச்சுக்கினேன்."

அடுப்படியில் ஏது கட்டில்? தூக்கி நிறுத்தினேன். என் கையைப் பிடித்த பிடியை விடாமல் கெஞ்சினாய். நீ கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பையன்கிட்ட சொல்லாதமே. சொன்னா ரூமுக்குள்ள குந்த வெச்சுடுவான். கடைக்குக்கூட வுடமாட்டான்." நீ விழுவது அது முதல் முறை இல்லை என்று அப்போது புரிந்தது.

நான் சொன்னேன். அன்று சாயங்காலம் உன் மகன் பைக்கை நிறுத்தும்போதே சொன்னேன். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போடு, டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரைகளைக் காட்டு, கண்ணில் புரை இருக்கிறதா என்று பார். அவன் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டான். நிலைப்படியில் நிமிர்ந்து நின்று, என் முகத்துக்கு நேரே சொன்னாய்: "நான் எங்கடா வுழுந்தேன்? இவ ஊட்ல இன்னும் சிமெண்டுத் தரதான? நம்ம டைல்ஸப் பாத்து வயித்தெரிச்சல்." மருமகள் சிரித்தாள். அதன் பிறகு உன் வாசலை நான் மிதிக்கவில்லை.

அடுத்து உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். வெள்ளிக்கிழமை, கூடத்தில் கழுவிய ஈரம் காயவில்லை, குக்கர் விசில் கேட்டு எழுந்து ஓடினாயாம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. "இதுக்கு முன்னாடி விழுந்திருக்காங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்ல மேடம், இதான் மொத தடவ" என்றான் உன் மகன்.

"வுழுந்துக்கினேதான் கீது மேடம்" என்றேன் நான்.

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். "ஒரு தடவ விழுந்தவங்க மறுபடி விழ வாய்ப்பு அதிகம். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரைய மாத்தியிருப்போம், காலுக்குப் பயிற்சி சொல்லிக் குடுத்திருப்போம். வயசானா விழத்தான் செய்வாங்கன்னு விட்டுடுறீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நீ என் பக்கம் திரும்பினாய். ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தேன். "வந்துட்டா பாரு, வேடிக்க பாக்க" என்றாய். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. படுத்தவள் எழவில்லை. நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தாய்.

உன் காரியத்தன்று வீட்டைக் கழுவிவிட்டு, வாசலிலிருந்து கூடம் வரைக்கும் சணல் சாக்கு விரித்திருந்தார்கள். பாத்ரூம் சுவரில் புதுக் கம்பி பளபளத்தது. "பெரியவங்கல்லாம் வர்றாங்கல்ல, வழுக்கி வுழுந்துட்டா நமக்குத்தான பேரு கெடும்" என்று உன் மருமகள் என் கையைப் பிடித்துப் பதமாக உள்ளே கூட்டிப்போனாள். மாலை போட்ட போட்டோவில் நீ அந்த நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு நின்றாய். அழுகை வரவில்லை. பாயசம் நன்றாக இருந்தது, இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்த மஞ்சள் போர்டின் கீல் எப்படி உடைந்தது என்று சொல்லவில்லையே. குனிந்து துடைத்துவிட்டு நிமிர்ந்தேன், கண் இருட்டியது, அதன்மேலேயே விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தி, வீட்டோடு குந்த வைத்திருப்பார்கள்.

வீட்டில் மகள் என் முழங்கையைப் பார்த்துவிட்டாள். "இன்னாமா இது, நீலமாக் கீது?"

நான் யோசிக்கவே இல்லை. நீ விட்டுப்போனது வாயில் தயாராக இருந்தது.

"கட்டில் கால்ல இட்ச்சுக்கினேன்."

எங்கள் வீட்டில் கட்டிலே கிடையாது, அக்கா. பாய்தான். "பாத்து நடமா" என்று சொல்லிவிட்டு அவள் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனாள். உன்னைக் காட்டிக்கொடுக்க நானாவது இருந்தேன். என்னைக் காட்டிக்கொடுக்க வயிற்றெரிச்சல் பிடித்தவள் ஒருத்தியும் இல்லை.