சிட்டுவின் கம்ப்யூட்டர் உனக்கு ஏன் திறக்கவில்லை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தங்கை சிட்டு மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படியைத் திட்டுவதுதான் நிற்கவில்லை. நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை மாட்டிப் பார்த்து அழகு பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போன் இருக்க அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான்.

சிட்டுவின் லேப்டாப்புக்குள் நுழைய முடியவில்லை, கேட்டால் மழுப்புகிறாள், நான் என்ன தப்பு செய்தேன் என்று அம்மாவிடம் அழுதாயாம். நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. அவளுக்கு எழுத்து கண்ணில் நிற்காது என்பது, கற்றல் குறைபாடு என்று டாக்டர் பெயர் வைக்கும் முன்பே உனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பாடம் முழுக்க நீதான் அவளுக்கு வாசித்துக் காட்டினாய். ஊரில் உள்ளவர்களை எல்லாம் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லிப் பிழைக்கிறவன் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை. கட்டப்போகும் அறையைத் திரையில் காட்டுகிற அந்த முப்பரிமாண மென்பொருளை அவள் எப்படிக் கற்றாள் தெரியுமா? அதிலிருந்த ஒரு வார்த்தையையும் படிக்கவில்லை. சுவர் எழுப்புகிற படம் எந்த மூலையில், விளக்கு வைக்கிற படம் எதற்குக் கீழே என்று எல்லாவற்றையும் கைதான் ஞாபகம் வைத்திருந்தது. இருட்டில் நம் வீட்டு சுவிட்சை நாம் தடவாமல் போடுவதில்லையா, அப்படி.

அவளை அந்த உள்அலங்கார ஆபீஸில் சோதனை முறையில் வேலைக்கு எடுத்துக்கொண்ட சந்தோஷத்தில், சொல்லாமல் ஒரு பரிசு தரலாமென்று நீ அங்கிருந்தபடியே அவள் லேப்டாப்புக்குள் போய்ப் புதுப் பதிப்பை ஏற்றி, திரையையும் ஒழுங்குபடுத்தி வைத்தாய். படங்கள் இருந்த இடத்தில் எல்லாம் வார்த்தைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. மறுநாள் அந்த லேப்டாப்போடு அவள் ஆபீஸுக்குப் போக, அங்கே ஒரு பல் டாக்டர் அம்மா, தன் புது கிளினிக் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருக்கிறார். சுவர் நிறத்தை மாற்றிக் காட்டச் சொன்னாராம். இவள் மவுஸைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதலாளி கூப்பிட்டு என்னம்மா இது என்று கேட்டிருக்கிறார். படிக்க வராத விஷயத்தைப் பற்றி ஆபீஸில் மூச்சு விடாதே என்று நீ சொல்லியிருந்தாய். அவள் சொல்லிவிட்டாள். "சார், எனக்குப் படிக்க வராது, எழுத்தெல்லாம் கலைஞ்சு போயிடும். ஆனா ஒரு ரூமுக்குள்ள வெளிச்சம் எங்க விழும்னு எனக்குத் தெரியும்." அவர் ஒன்றும் உருகிவிடவில்லை. சனிக்கிழமை அந்த அம்மா திரும்ப வருவார், அதற்குள் முடியவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. அக்காவிடம் சொன்னால் பழையபடி மாற்றித் தந்துவிடுவாளே என்றேன். "வேண்டாம்ப்பா. அடுத்த வருஷமும் இது மாறும். அப்பவும் அக்காவைக் கூப்பிடணுமா?" என்றாள். அம்புக்குறி தொடுகிற வார்த்தையை வாய்விட்டுச் சொல்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறதாம், அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ ஒரு பெண் குரல் வீடு முழுக்க வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. தப்பாகத் தொட்டு, மேஜையைக் குத்தி, அழுது, முகம் கழுவிவிட்டு மறுபடியும் உட்காருவாள். பார்க்க முடியவில்லை அம்மாடி. அம்மாவோ பாத்திரம் தேய்த்துக்கொண்டே மெட்டீரியல், லைட், கேமரா என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள், அர்த்தம் கேட்டால் முறைக்கிறாள். அப்போதுதான் சிட்டு பாஸ்வேர்டை மாற்றினாள். எனக்கும் சொல்லவில்லை. உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கற்றுக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்து ஏதாவது நல்லது செய்துவிடுவாளோ என்ற பயம்தான்.

சனிக்கிழமை காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் செய்து காட்டினாளாம். சிகிச்சை நாற்காலியில் சாய்ந்து படுக்கிறவர் கண்ணில் வெயில் அடிக்குமே என்று டாக்டர் அம்மா கேட்க, இவள் ஜன்னலைத் தொடாமல் நாற்காலியைத் திருப்பி வைத்துக் காட்டியிருக்கிறாள். வேலை நிரந்தரம் என்று முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். நீ அவருக்குப் போன் செய்து பேசப்போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். செய்யாதே. உன்னைப் போல ஒரு அக்கா யாருக்கும் கிடைக்க மாட்டாள், அப்படிப்பட்ட உன்னிடம் போய் இதைச் சொல்வது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அந்தக் கிளினிக் படத்தை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன், அக்காவுக்கு அனுப்புங்கப்பா என்று அவளே கொடுத்தாள். பார்த்துவிட்டு அவளைக் கூப்பிடு. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல். தப்பு தெரிந்தால் அது எங்கே என்று சொல். நான் சரி செய்து தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே அம்மா.

இப்படிக்கு,
உனக்கும் சிட்டுவுக்கும் அப்பா