மங்கிய தகடு

ட்சுகுபா
14 நவம்பர் 1993

அன்புள்ள உங்களுக்கு,

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகியும் கடிதத்தில்கூட உங்கள் பெயரை எழுதக் கை வரவில்லை. சிரிக்காதீர்கள்.

பெர்சிமன் பழம் உரித்துக் கயிற்றில் கட்டி மாடியில் தொங்கவிட்டிருக்கிறேன். நீங்கள் புத்தாண்டுக்கு வருவதற்குள் காய்ந்துவிடும். போன மாதம் வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியது போல இந்த முறையும் செய்தால் மொத்தத்தையும் நானே தின்றுவிடுவேன். உங்கள் விடுதித் தொலைபேசிக்குக் கூப்பிட்டால் குளியலறை வாசலில் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் நம் பேச்சைக் கேட்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கொரியாவில் புசான் கூட்டம் நன்றாக நடந்தது. நம் செயற்கைக்கோள் காட்டிய கணக்கைத் திரையில் போட்டேன். நாற்பது கிலோமீட்டர் உயரத்தில், அடுக்கு மண்டலத்தின் மேல்பகுதியில், ஓசோன் வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது; எல்லாரும் நினைத்ததைவிட வேகமாக. அப்போது பாங் சுன்-ஹீ எழுந்தாள். அங்கே தேஜோன் நகரில் தரையிலிருந்து வானத்துக்கு லேசர் பாய்ச்சி ஓசோன் அளக்கிறவள். மெலிந்த உருவம், மெதுவான குரல்.

“எங்க லேசர்ல எதுவும் குறையலை மேடம். உங்க கருவிக்குள்ள சூரிய வெளிச்சம் ஒரு தகட்டுல பட்டுத்தானே வருது? அந்தத் தகடு வெயில்ல கருத்துப்போயிருந்தா? சூரியன் மங்கின மாதிரி காட்டும். அதோட ஒப்பிட்டா பூமியிலிருந்து திரும்புற வெளிச்சம் கூடுதலாத் தெரியும். நீங்க ஓசோன் குறைஞ்சதா கணக்குப் போட்டுருவீங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அந்தத் தகட்டைச் செஞ்சவர் எங்க வீட்டுலதான் சாப்பிடறார். அதைப் பத்தி நான் கவலைப்படலை. நீங்க உங்க லேசர் கண்ணாடியைக் கடைசியா எப்போ தொடச்சீங்க?”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பாவம், உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேனோ என்று திரும்பி வரும்போது தோன்றியது. எதற்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். தகடு சரியாகத்தானே இருந்தது?

கழுத்துக்கு மஃப்ளர் சுற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள்
சயோகோ


ககாமிகஹாரா
23 நவம்பர் 1993

அன்புள்ள சயோகோ,

உன் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தவன் பக்கத்து அறை ஓனுகி. “வீட்டம்மா கையெழுத்தே அதட்டுற மாதிரி இருக்கே” என்றான். உண்மைதான் என்றேன்.

இங்கே சிவப்பு மிசோ சோயா விழுதில் வைத்த சூப்பைத் தவிர வேறெதுவும் தெரியாத சமையல்காரர். உன் வெள்ளை மிசோவுக்கு நாக்கு ஏங்குகிறது. இரண்டாவது செயற்கைக்கோளுக்கு மேலிடத்தில் அனுமதி கிடைத்துவிடும் என்கிறார்கள். கிடைத்தால் கருவிப் பிரிவுக்கு நான்தான் தலைவர். ஓசோன் குறைவது பற்றிய உன் கட்டுரையைத் தலைமை அலுவலகத்தில் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். என் பெண்டாட்டி எழுதியது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது!

தகட்டைப் பற்றி நீ ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? என் கையால் துடைத்து, என் கையால் மூடி அனுப்பியது அது. கொரியாக்காரியை முதலில் அவள் லேசரைச் சரிபார்க்கச் சொல்.

காய்ந்த பழத்தில் பாதியாவது மிச்சம் வை.

உன்
கெய்ஜிரோ


ட்சுகுபா
6 மார்ச் 1994

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. பிளம் மரம் பூத்திருக்கிறது. உங்களுக்குத் தலைவர் பதவி கிடைத்ததைக் கொண்டாடச் சிவப்பு அவரை சேர்த்துச் சோறு வடித்தேன். ஒருத்தியாகச் சாப்பிட்டேன், என்ன செய்வது.

ஒரு செய்தி மனதை அரிக்கிறது. தேஜோனில் பாங்கின் லேசர் கூடத்தைப் பூட்டிவிட்டார்களாம். தவறாக அளக்கிற கருவிக்கு ஆள் எதற்கு என்று கேட்டார்களாம். புசானில் நான் சொன்னதை அவள் மேலதிகாரி அப்படியே திருப்பிச் சொன்னாராம். இப்போது அவளை மழைமானி பார்க்க வைத்திருக்கிறார்கள். எனக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்பியிருந்தாள். குறையாக ஒரு வார்த்தை இல்லை. அதுதான் உறுத்துகிறது.

அவளுடைய பழைய அளவுகளை வாங்கி மறுபடி பார்த்தேன். பிழை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏவுவதற்கு முன் தகட்டைச் சோதித்தபோது எப்படி இருந்தது என்று புத்தாண்டில் கேட்டேன். “விடுமுறையிலயும் ஆபீஸா?” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டீர்கள். இப்போதாவது சொல்லுங்கள். நீங்கள் சரி என்றால் எனக்கு அது போதும். வேறு யாரையும் கேட்க மாட்டேன்.

உங்கள்
சயோகோ


ககாமிகஹாரா
15 மார்ச் 1994

அன்புள்ள சயோகோ,

சரி. போதுமா?

வேலை தலைக்கு மேல். பாங்கின் கூடத்தை மூடியதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். எல்லாவற்றையும் உன் தலையில் ஏன் போட்டுக்கொள்கிறாய்? இந்த ஆகஸ்டில் இரண்டாவது ஏவுதல் உறுதி. இனி மே விடுமுறைக்குத்தான் வர முடியும், அதுவும் சந்தேகம்.

உன்
கெய்ஜிரோ


ட்சுகுபா
19 ஜூன் 1994

கெய்ஜிரோ,

பெயரை எழுதிவிட்டேன். இவ்வளவு எளிது என்று தெரியாமல் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை முராகோஷி அம்மா வந்திருந்தார். உங்கள் சோதனைக் கூடத்தில் இருபது வருஷம் இருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். மகள் இங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாளாம். உங்கள் பக்கத்துக் கிஃபுவிலிருந்து மீன் வடிவ இனிப்பு வாங்கி வந்தார். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு உங்களிடம் வந்தது.

“இந்தத் தடவையாவது தகடு நல்லா அமையணும் டாக்டரம்மா. போன தடவை ஹடநாகா சாருக்குச் சோறே இறங்கலை.”

“எந்தத் தகடு?”

“அதான், வெற்றிடப் பெட்டிக்குள்ள விளக்கு வெளிச்சத்துல வச்சோமே. தகட்டை ஒட்டின பசையோட ஆவி படிஞ்சு ஓரமெல்லாம் பழுப்பாயிடுச்சு. தொடச்சா போச்சு, திரும்ப வெளிச்சத்துல வச்சா திரும்பப் பழுப்பு. புதுசா செய்யணும்னா ஒரு வருஷம் தள்ளிப்போகும்னாங்க. அப்புறம் அப்படியே மூடிட்டாங்க.” என் முகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தார். “சார் உங்ககிட்ட சொல்லலையா? நீங்க கணக்குல அதைச் சரிபண்ணிப்பீங்கன்னுல்ல எங்ககிட்ட சொன்னாரு!”

நான் சரிசெய்துகொள்வேனாம். எனக்குத் தெரிந்தால்தானே?

அவர் போன பிறகு தகடு அப்படி மங்கியிருக்கும் என்று வைத்துக் கணக்கை மறுபடி போட்டேன். இறக்கம் காணாமல் போயிற்று. பாங்கின் கோட்டின் மேல் என் கோடு போய் உட்கார்ந்தது.

நான் மூன்று முறை கேட்டேன். ஒரு முறை கடிதத்தில், ஒரு முறை இந்த வீட்டில், மறுபடி கடிதத்தில். மூன்று முறையும் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினீர்கள். உண்மையா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

சயோகோ


ககாமிகஹாரா
25 ஜூன் 1994

அன்புள்ள சயோகோ,

உண்மைதான். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். “விண்வெளியில கொஞ்சம்தான் மங்கும், வாயை மூடிட்டு அனுப்புங்க” என்றார் அப்போதைய தலைவர். நான் ஒருத்தன் என்ன செய்திருக்க முடியும்? உன்னிடம் சொல்லியிருந்தால் நீ மறுநாளே எழுதியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இப்போது கொஞ்சம் யோசி. உன் கட்டுரை வந்ததால்தான் இரண்டாவது செயற்கைக்கோளுக்கு அனுமதி கிடைத்தது. ஓசோன் இவ்வளவு வேகமாகக் குறைகிறதா, அவசியம் இன்னொன்று அனுப்ப வேண்டும் என்று மேலே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நல்லதுதானே நடந்திருக்கிறது? ஆகஸ்டில் அது மேலே போகட்டும். பிறகு, புதிய அளவுகளை வைத்துப் பழையதை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

புதிய தகட்டிலும் அதே பசைதான், மறைக்கவில்லை. வேறு பசைக்கு நேரமில்லை. மங்கும் என்று இப்போது உனக்குத் தெரியும், கணக்கில் நீ பார்த்துக்கொள்வாய்.

டோக்கியோவில் கடைசி அனுமதிக் கூட்டத்துக்கு உன்னையும் அழைத்திருக்கிறார்கள். எதுவும் பேசாதே. கட்டின புருஷனை நாலு பேர் முன்னால் நிறுத்திவைக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

உன்
கெய்ஜிரோ


ட்சுகுபா
10 ஜூலை 1994

கெய்ஜிரோ,

கூட்டம் முடிந்து நீங்கள் என்னோடு பேசாமல் போய்விட்டதால் எழுதுகிறேன்.

பேசக்கூடாது என்று நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் முதலில் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். “முதல் கருவியோட தகடு மங்கும்னு ஏவறதுக்கு முன்னாடியே இந்த அறையில யாருக்காவது தெரியுமா?” எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நீங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள். நான் உங்களைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. நீங்களே எழுந்து சொல்லியிருந்தால் நான் உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருப்பேன். கட்டுரை பொய்த்துப் போன அவமானத்தையும் இருவருமாகப் பங்கு போட்டிருப்போம். நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் ஓனுகியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னீர்கள். அவன் சிரித்தான். புசானில் நான் கேட்ட அதே சிரிப்பு.

அதன் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏவுதலை நிறுத்தி வைத்தது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று: மாலையில் தேஜோனுக்குத் தொலைபேசியில் பேசினேன். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். பாங் ஒன்றுதான் கேட்டாள்.

“உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது மேடம்?”

“போன மாசம்.”

“எனக்கு அன்னிக்கே தெரியும். புசான்ல. உங்களுக்கும் தெரியும், தெரிஞ்சுதான் சிரிக்க வச்சீங்கன்னு நினைச்சுட்டேன்” என்றாள்.

நான் பொய் சொன்னவள் என்று ஒருத்தி இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வாழ்த்தும் அனுப்பியிருக்கிறாள். அதைக் கேட்டபோது வந்த அழுகை, முராகோஷி அம்மா சொன்னபோதுகூட வரவில்லை.

அவள் கூடத்தைத் திறக்கச் சொல்லி அவள் மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். அடுத்த வாரம் நேரில் போகிறேன். திரும்பி வந்ததும் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்து வைப்பேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் உங்கள் குடும்பப் பெயரோடு ஹடநாகா சயோகோ என்றே கையெழுத்திட்டேன். தவறு அந்தப் பெயரில்தான் வெளிவந்தது, திருத்தமும் அதில்தான் வரவேண்டும். அந்தப் பெயரில் நான் எழுதுகிற கடைசி வரி அது.

கிஷினோ சயோகோ