மணல் வாளிக்குள் கேமரா பேட்டரி

பிரியா, எழுந்ததும் முதலில் இதைப் படி.

புதுக் கேமராவுக்கு நீ கூடுதலாக வாங்கின மலிவு பேட்டரி பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. காலையில் உன் தலைமாட்டில் சார்ஜரோடு கிடந்தது. தொட்டேன், சுட்டது. பேட்டைப் பட்டறையில் இப்படி ஒன்று வெடித்து ஒருத்தன் கை வெந்ததைப் பார்த்தவன் நான். முருங்கைக்கு அடியில் மணல் வாளிக்குள் வைத்திருக்கிறேன். தொடாதே தாயி. ஆட்டையும் அங்கன கட்டாதே.

கேமராவோடு வந்த பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கு. இன்றைக்கு முக்கூடல் கல்யாணத்தில் அது தாங்குகிற மட்டும் படம் எடு. சார்ஜரிலும் கோளாறு இருக்கலாம், அதை நான் கொண்டுபோகிறேன்.

"ஒங்களுக்கு இதுல என்னப்பா தெரியும்?"னு நேற்று கேட்டாயே. எழுப்பினால் மறுபடி சண்டை வரும், அதான் எழுதினேன்.

சோறு பானையில் இருக்கு.

சாயங்காலம் நல்லா ஏசிக்கோ. ஏசுவதற்கு நீ இருக்கணும்.

அப்பா